முப்பத்தெட்டாவது கோடு

இரவு பத்தே முக்கால். துறைமுகத்தின் ஏழாம் வாசலிலிருந்து தொழிலாளர் குடியிருப்புக்குப் போகும் சாலை. ஒன்றரை மைல். ஒரு பக்கம் கிடங்குச் சுவர். அதில் ஜன்னல் கிடையாது. மறுபக்கம் தண்ணீர். பாதி வழியில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அந்தச் சாலையில் ஒருவர் தனியாக நடந்து வருகிறார்...

“ஆம்பளையா, பொம்பளையா?” என்று பேங்க்காரி இடைமறித்தாள்.

“ஆம்பளை.”

“அப்ப சரி. எது வந்தாலும் அவரே பாத்துக்கட்டும். நீ சொல்லு.”

ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாங்கள் நான்கு பேர். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் டார்ச்சை வைத்திருந்தோம். நர்ஸ் அக்கா சுவரில் சாய்ந்திருந்தார். கடைசி அறைக்காரி போர்வைக்குள் மூக்கு வரை போயிருந்தாள். பேங்க்காரி ஏற்கெனவே இரண்டு கதைகள் சொல்லி, இரண்டிலும் வெள்ளைப் புடவை வந்து, யாரும் பயப்படாமல் போயிருந்தது. என் முறை.

“இது யாருக்கு நடந்துச்சு?” என்றார் நர்ஸ் அக்கா.

கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபில் என்னோடு ஒரே மேசையில் நின்றவள் ஒருத்தி உண்டு. அவளுடைய அம்மாவின் பெரியப்பாவுக்கு நடந்தது. அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. பெற்றவர்கள் இல்லாததால் பெரியப்பா வீட்டில் இருந்தார். கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

பெரியப்பாவைத் துறைமுகத்தில் கோட்டுக்காரர் என்பார்கள். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணுவது வேலை. கப்பலின் ஓரத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கம்பி ஓடும். அதன் பக்கத்தில் அட்டையும் பென்சிலுமாக நிற்பார். அடியறையிலிருந்து கயிற்றில் கட்டிய பெட்டிகள் மேலே வரும். ஒரு முறை வருவதை ஒரு தூக்கு என்பார்கள். தூக்கு கம்பியைத் தாண்டி வெளியே போனதும் ஒரு கோடு. நான்கு கோடுகள் நிமிர்ந்து நிற்கும். ஐந்தாவது அவற்றைக் குறுக்கே வெட்டும்.

கோடு போட்டால் அர்த்தம் ஒன்றுதான். சரக்கு உடையாமல் கம்பியைத் தாண்டிவிட்டது. அதுவரை கப்பலின் பொறுப்பு. அதற்குப் பிறகு இறக்குகிறவர்களின் பொறுப்பு.

அவர் அப்படிப் போடுவதில்லை. தூக்கு அடியறையிலிருந்து தலையைக் காட்டியதுமே போட்டுவிடுவார். மூன்று நிமிடத்துக்கு ஒன்று, பதினோரு வருஷம், ஒன்றுகூடத் தவறியதில்லை. எப்படியும் வரப்போவதுதானே... முன்னாலேயே போட்டுவிட்டால் டீ குடிக்க ஒரு கை காலியாக இருக்கும்.

அவருக்கு எதிரில் சைகைக்காரர் நிற்பார். தூக்குகிற இயந்திரத்தை ஓட்டுபவனுக்கு அடியறையும் தெரியாது, கரையும் தெரியாது. சைகைக்காரரின் வலது கை மட்டும் தெரியும். விரித்த கை கீழ்நோக்கி அசைந்தால், இறக்கு. மூடிய கை உயர்ந்தால், நிறுத்து.

முன்கூட்டியே போடும் அந்தக் கோட்டைப் பார்த்துச் சைகைக்காரர் சிரிப்பார்.

“போட்டுட்டியா? இனி அது தண்ணியில விழுந்தாலும் கரைக்கு வந்தாச்சுன்னுதான் அர்த்தம்.”

“உன் கை இருக்கற வரைக்கும் எது விழும்?”

இருவரும் ஒரே குடியிருப்பு. சைகைக்காரருக்கு மாடியில் மூலை அறை, இரண்டு ஜன்னல். கோட்டுக்காரருக்குக் கீழே, ஒரு ஜன்னல். அதைச் சொல்லிக் காட்டாமல் பெரியம்மா ஒரு நாளும் துணி காயப்போட்டதில்லையாம்.

“எங்க ஹாஸ்டல் மாதிரியே,” என்றாள் கடைசி அறைக்காரி போர்வைக்குள்ளிருந்து.

ஒரு நாள் காலை பதினோரு மணி. தூறல். இறங்கிக்கொண்டிருந்தது கண்ணாடி. ஆளுயர ஜன்னல் கண்ணாடிகள். இடையில் வைக்கோல் வைத்து மரப்பெட்டிகளில் நிறுத்தி அடுக்கியவை. முப்பத்தேழு தூக்கு போய்விட்டது. முப்பத்தெட்டு தலை காட்டியது. கோட்டுக்காரர் கோடு போட்டார்.

கயிற்றில் ஒரு புரி அறுந்தது. பெரிய சத்தம் இல்லை... யாரோ நாக்கைச் சொடுக்கியது போல. சைகைக்காரர் கையை மூடி உயர்த்தினார். இயந்திரம் நின்றது. தூக்கு நிற்கவில்லை. ஊசலாடி, கம்பியின் உள்பக்கத்தில் மோதியது. பெட்டிக்குள்ளே கண்ணாடி நொறுங்குகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் கயிறு முழுதாக விட்டது. பெட்டிகள் கம்பிமேல் சாய்ந்து, அங்கே நின்ற சைகைக்காரரையும் தள்ளிக்கொண்டு, கரையில் போய் விழுந்தன.

பெட்டிகளின் பலகை விரியவில்லை. ஓர் ஆணிகூட விடவில்லை. தூக்கி நிறுத்தியபோது மட்டும் உள்ளே ஒரு சத்தம். துண்டுகள் மேலிருந்து கீழே சரிகிற சத்தம்... மெதுவாக, நிறைய நேரம். நனைந்த வைக்கோல் வாசனை. கிரீஸ் வாசனை.

“அந்த ஆளு?” என்றார் நர்ஸ் அக்கா.

“அங்கேயே போயிட்டார்.”

வழக்கு நடந்தது. அவருக்காக இல்லை, கண்ணாடிக்காக. கண்ணாடி வரவழைத்தவர் கப்பல் கம்பெனிமேல் போட்டார். கப்பல் கம்பெனி இறக்குகிற கம்பெனியைக் காட்டியது. கேள்வி ஒன்றுதான். கண்ணாடி கம்பிக்கு உள்ளே உடைந்ததா, வெளியே உடைந்ததா? உள்ளே என்றால் இற்றுப்போன கயிற்றைக் கொடுத்த கப்பலின் குற்றம். வெளியே என்றால் சைகையின் குற்றம். இயந்திரம் ஓட்டியவன் கப்பல் ஆள். மூன்றாம் நாள் கப்பலோடு போய்விட்டான். பார்த்தவர்களில் மிச்சம் கோட்டுக்காரர்.

குடியிருப்பில் ஒரு விதி இருந்தது. கம்பெனி இடத்தில், தன் தவறில்லாமல் செத்தவனின் குடும்பம் அறையிலேயே இருக்கலாம். தன் தவறால் செத்தாலோ, தன் அறைக்குள் செத்தாலோ, முப்பது நாளில் காலி. சைகைக்காரரின் மனைவிக்கு இரண்டு பெண் குழந்தைகள். கண்ணாடி எங்கே உடைந்தது என்பதில்தான் அவர்கள் எங்கே தூங்குவார்கள் என்பதும் இருந்தது.

நீதிமன்றத்தில் அந்த அட்டையை நீட்டினார்கள். முப்பத்தெட்டு கோடுகள்.

“கடைசிக் கோடு எப்பப் போட்டது?” என்றார் கப்பல் கம்பெனி வக்கீல்.

முன்னாலேயே போட்டேன் என்று சொன்னால் பதினோரு வருஷத்துக் கோடுகளும் பொய். வேலை போகும். ஒற்றை ஜன்னல் அறையும் போகும்.

“கம்பியைத் தாண்டின பிறகுங்க.”

“அப்படின்னா இறக்கும்போதுதான் விழுந்திருக்கணும். இறக்குன்னு தப்பாச் சைகை காட்டியிருக்கணும். சரிதானே?”

வக்கீலே சொல்லிவிட்டார். கோட்டுக்காரர் செய்ய வேண்டியிருந்தது தலையை ஆட்டுவது மட்டும்.

வெளியே படிக்கட்டில் சைகைக்காரரின் மனைவி நின்றிருந்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை.

“அண்ணே, ஒரு சந்தேகம். அவரைக் குளிப்பாட்டும்போது வலது கை மூடியிருந்துச்சு. நானும் என் தங்கச்சியும் சேர்ந்து இழுத்தும் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியல. அப்படியேதான் அனுப்பினோம். மூடின கைன்னா இறக்குன்னு அர்த்தமாண்ணே?”

கோட்டுக்காரர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

“சாகும்போது சில பேருக்குக் கை அப்படியே இறுகிடும்,” என்றார் நர்ஸ் அக்கா. “நானே பாத்திருக்கேன்.” சொல்லிவிட்டுத் தன் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு நாற்பத்தொரு பக்கம். அச்சில் வந்திருக்கிறது. லேப் தோழி ஒரு பழைய சட்டப் புத்தகத்தில் தேடிப் பிடித்தாள். கண்ணாடி என்ற சொல் இருநூற்றுப் பதினாறு முறை வருகிறது, அவள் எண்ணினாள். சைகைக்காரர் ஒரு முறை வருகிறார், பெயர் இல்லாமல். ‘அச்சமயம் ஒரு தொழிலாளியும் கீழே விழுந்தார்.’ அடுத்த வரியில் மறுபடி கண்ணாடி.

கப்பல் கம்பெனி தப்பியது. சைகை தவறு என்று முடிவாயிற்று. முப்பதாம் நாள் அந்தப் பெண் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குழந்தைகளோடு இறங்கினாள். காலியான மூலை அறையைக் கோட்டுக்காரருக்கே கொடுத்தார்கள். அவர் கேட்டிருந்தார் என்று பெரியம்மா பிறகு சொன்னாளாம். பெரியம்மா கேட்கச் சொன்னாள் என்று அவர் சொன்னாராம்.

சாவியைக் கொடுக்கும்போது சைகைக்காரரின் மனைவி சொன்னது இவ்வளவுதான்.

“ரெண்டாவது ஜன்னல் சரியா மூடாதுண்ணே. மழை அடிச்சா ஒரு துணி வைங்க.”

பேங்க்காரி டார்ச்சைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

இப்போது அந்தச் சாலை. குடிபோன முதல் நாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து, பத்தே முக்கால். கோட்டுக்காரர் விளக்குக் கம்பத்தை நெருங்குகிறார். பின்னால் ஒரு சத்தம். மூடிய பெட்டியை யாரோ சாய்ப்பது போல... உள்ளே சரிகிறது... நிற்கிறது. திரும்பிப் பார்த்தார். சுவர். தண்ணீர். நனைந்த வைக்கோல் வாசனை. அன்று மழை இல்லை.

முன்னால் திரும்பினார். வெளிச்சத்தின் ஓரத்தில், தலைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கை. மூடியிருந்தது. மணிக்கட்டு வரை வெளிச்சம். அதற்குக் கீழே இருட்டு.

அவர் நின்றார். பயத்தில் மட்டும் இல்லை. மூடிய கையைப் பார்த்தால் நிற்கிற உடம்பு அது. பதினோரு வருஷம் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றரை மணி.

“என்னங்க, இவ்வளவு நேரம்?”

“நிறுத்தச் சொன்னான்.”

“யாரு?”

அவர் சாப்பிட்டார். சுவரோரம் படுத்திருந்த சிறுமி, தோழியின் அம்மா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கூட வந்த ஆட்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் மட்டும் கம்பத்தடியில் நின்றுவிடுவார். “கோட்டுக்காரருக்கு பிரேக் பிடிச்சுக்கிச்சு, தள்ளுங்கப்பா” என்று நான்கு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்களாம். அசையவில்லை. சிரித்துவிட்டுப் போனார்கள். பத்து நாளைக்குப் பிறகு அவரோடு யாரும் வருவதில்லை.

அறையில் வேறொன்று. இரண்டாவது ஜன்னலுக்குக் கீழே, சுவரில், பென்சில் கோடு. முதல் நாள் ஒன்று. அடுத்த நாள் இரண்டு. நான்கு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. சிறுமிதான் கிறுக்குகிறாள் என்று அடித்தார்.

“பென்சிலை எங்க ஒளிச்சு வச்சிருக்க?”

அவளிடம் பென்சில் கிடையாது. பலகையும் பலப்பமும்தான். அதைச் சொன்னதற்கு இன்னொரு அடி. சுண்ணாம்பு அடித்தார்கள். காய்ந்ததும் தெரிந்தது. சுரண்டினார்கள். சுரண்டிய இடத்துக்குள்ளேயே தெரிந்தது. எண்ணிக்கை தவறவே இல்லை. காலையில் எழுந்தால் ஒன்று கூடியிருக்கும்.

“டெய்லி ஒண்ணா?” என்றாள் பேங்க்காரி. குரலில் கேலி இல்லை.

“டெய்லி ஒண்ணு.”

முப்பத்தெட்டாம் நாள் விடியற்காலையில் அவர் அந்தச் சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்ததைச் சிறுமி பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முப்பத்தெட்டு. விழுவதற்கு முன்னாலேயே போட்ட கோடு எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே நீதிமன்றத்துக்குப் போனார். நடந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். குமாஸ்தா கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இது முடிஞ்ச கேஸ்ங்க.”

“நான் சொன்னது பொய்ங்க. கம்பிக்கு உள்ளதான் உடைஞ்சுது. அவன் நிறுத்துன்னுதான் காட்டினான்.”

“கண்ணாடிக்காரர் அப்பீல் போகலையே. அவருக்கே வேண்டாம்னா உங்களுக்கு என்ன?”

“கண்ணாடிக்கு இல்லைங்க. அந்தப் பொண்ணுக்கு.”

குமாஸ்தா மறுபடி புரட்டினார்.

“இந்தக் கேஸ்ல பொண்ணு யாரும் இல்லையே.”

அவளைத் தேடினார். அவள் தங்கை வீட்டிலும் இல்லை. ஊரைவிட்டுப் போய் ஒரு மாதம் ஆயிற்று என்றார்கள். எங்கே என்று சொல்ல யாருமில்லை. மாலையில் வேலைக்குப் போனார். கோடுகள் போட்டார். அன்று ஒவ்வொரு தூக்கும் கம்பியைத் தாண்டிய பிறகுதான் போட்டார் என்று சொல்கிறார்கள்.

அன்று இரவு தாமதம் இல்லை. சாலையில் கை இல்லை. பதினொன்றேகாலுக்கு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார். அறை நடுவில் நின்று கூரையைப் பார்த்தார். முகம் தளர்ந்தது. இத்தனை நாளில் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை என்று தோழியின் அம்மா சொல்வாராம்.

“கையைத் திறந்துட்டான்,” என்றார்.

எங்கோ மேலே, யாரோ நாக்கைச் சொடுக்கியது போல...

விழுந்தார். மேலே இருந்து எதுவும் விழவில்லை. அவர்தான் விழுந்தார், தலைமேல் ஏதோ விழுந்தவனைப் போல.

பெரியம்மா அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். கத்துவாள் என்று சிறுமி காத்திருந்தாள். பெரியம்மா வாசலைப் பார்த்தாள். அறைக்குள் என்றால் வீடு. வராந்தா என்றால் கம்பெனி இடம். விதி அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த விதியால்தான் இந்த அறைக்கு வந்தாள்.

“நீ ஒரு காலைப் பிடி,” என்றாள்.

இருவரும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து இழுத்தார்கள். வாசற்படியில் உடம்பு ஏறி இறங்கியது. அப்போதுதான் சிறுமி அதைக் கேட்டாள். பெரியப்பாவின் உடம்புக்குள்ளிருந்து. தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கத்துக்கு... கண்ணாடித் துண்டுகள் சரிகிற சத்தம். மெதுவாக. நிறைய நேரம்.

“அறுத்துப் பாத்தாங்களா?” என்றார் நர்ஸ் அக்கா.

“இல்லக்கா. இதயம் நின்னுபோச்சுன்னு டாக்டர் எழுதிட்டார். உடம்புல ஒரு கீறல்கூட இல்ல. வெளியே எல்லாம் நல்லா இருந்துச்சு.”

மறுநாள் கம்பெனி அதிகாரி வந்தார். சிறுமிக்கு எதிரே குனிந்தார். ஏழு வயதுக் குழந்தை பொய் சொல்லாது என்று நினைத்திருப்பார்.

“பாப்பா, பெரியப்பா எங்கம்மா விழுந்தாரு? உள்ளயா, வெளியவா?”

பெரியம்மாவின் கை அவள் தோளில் இருந்தது.

“வெளிய.”

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். சுவரில் ஒரு கோடுகூட வரவில்லை. தோழியின் அம்மா அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போனார், அங்கிருந்துதான் கல்யாணமாகிப் போனார். பெரியம்மா கடைசிவரை அந்த இரண்டாவது ஜன்னலைத் திறக்கவில்லை. மழை அடித்தால் துணி மட்டும் வைப்பாளாம்.

“அவ்வளவுதானா?” என்றாள் கடைசி அறைக்காரி. முழு முகமும் வெளியே வந்திருந்தது.

“அவ்வளவுதான்னுதான் நானும் நெனச்சேன்.”

போன மாதம் தோழி அந்தத் தீர்ப்பைப் பிரதி எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நாற்பத்தொரு பக்கமும். அம்மாவுக்கு இப்போது அறுபத்திரண்டு. அவர்கள் இருப்பது வேறு ஊர், நான்காவது மாடி, புதுச் சுவர். ‘ஒரு தொழிலாளியும்’ என்ற வரியில் அம்மா நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசி என்றார். அவ்வளவுதான்.

இன்று மதியம் தோழி போன் செய்தாள். சாதாரணமாகத்தான் பேசினாள்.

“நீதான் பெயின்ட் கம்பெனி லேப்ல இருக்கியே. சுவத்துல பென்சில் கோடு எதுலடி அழியும்? ரப்பர் போட்டாச்சு, ஸ்பிரிட் போட்டாச்சு.”

“எத்தனை கோடு?”

“முப்பத்தேழு.”

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்காங்க. இன்னைக்குக் காலையில இருந்து ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. நான் எங்க விழுந்தாலும் அங்கயே விட்டுடு, காலைப் பிடிச்சு இழுக்காதேன்னு.”